ஏழு கணவரைத் தின்ற மலை

மன்னர்கள் கல்லிலே எழுதினர். வென்ற நாடுகள் எத்தனை, வீழ்த்திய பகைவர் எத்தனை, வழங்கிய ஊர்கள் எத்தனை என்று மெய்க்கீர்த்தி பாடவைத்து, பாறையிலும் கோயிற் சுவரிலும் வெட்டிவைத்தனர். அந்தக் கல்லைப் பெயர்த்தவன் எப்படிச் செத்தான்? அந்த வாளுக்கு இரும்பும் அந்த முடிக்குப் பொன்னும் தோண்டித் தந்தவன் எத்தனை வயதில் இருமி இருமி மாண்டான்? எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அவனைப் பாடப் புலவரில்லை; அவனுக்குக் கிடைத்தவன் புரோகிதன் ஒருவனே. அவனும், "எல்லாம் தலைவிதி" என்ற ஒரே சொல்லில் அவன் கதையை முடித்துவிட்டான்.

ஆயினும் உழைத்தவன் ஓர் ஆவணத்தை விட்டுத்தான் சென்றிருக்கிறான். அது ஏட்டில் இல்லை, கல்லில் இல்லை. அவன் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. அவன் நுரையீரலே அந்த ஆவணம்! இறந்தவரின் நுரையீரலில் சிறு துண்டெடுத்து, அமிலத்தில் கரைத்து, நுண்கருவி கொண்டு அளந்து பார்க்கிறார்கள் அறிவியலாளர்கள். குரோமியம் இருக்கிறது, நிக்கல் இருக்கிறது, காட்மியம் இருக்கிறது. உணவு செரிக்கும், உதிரம் மாறும், உலோகமோ எரித்தாலும் உலோகமே, புதைத்தாலும் உலோகமே. கரையாத துகள் நுரையீரலுக்குள் புகுந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும். மெய்க்கீர்த்தி பொய் சொல்லலாம். மெய்யே ஏடாகிவிட்ட இந்த ஆவணம் பொய் சொல்லாது.

இந்த ஏட்டைப் படிக்க மனித இனத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. படிக்க முயன்றவர் யார், படிக்கவொட்டாமல் மறித்தவர் யார், படித்த பின்னும் மூடி மறைத்தவர் யார் – இதுவே நாம் சொல்ல வந்த வரலாறு.

ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் இடையே எல்லைச் சுவர்போல் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்றுண்டு. 'தாதுமலை' என்பதே அதன் பெயரின் பொருள். அதன் வடசரிவிலே ஷ்னீபெர்க், தென்சரிவிலே யோக்கிம்ஸ்தால். 1470-களில் ஷ்னீபெர்க்கில் வெள்ளி கிடைத்தது; 1516-ல் யோக்கிம்ஸ்தால் ஊர் எழுந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் வெள்ளியில் அடித்த காசுக்குத் 'தாலர்' என்று பெயர். தாலர் என்ற சொல்லே திரிந்து, இன்று உலகச் சந்தையை ஆட்டிப்படைக்கும் 'டாலர்' ஆயிற்று. பள்ளத்தாக்கின் பெயரை உலகமெங்கும் கொண்டு சென்றது பணம். பள்ளத்தாக்கின் தொழிலாளிக்குக் கிடைத்ததோ இருமல்!

இளமையிலே சுரங்கத்துக்குள் இறங்குவான், நடுவயதை எட்டுமுன் மூச்சிரைக்கும், நெஞ்சு வலிக்கும், உடல் உருகும், ஓய்ந்துவிடுவான். 'மலைநோய்' என்றனர் மக்கள். மலையிலே பேய்கள் வாழ்கின்றன, தம் செல்வத்தைத் திருட வந்தவனை அவை தண்டிக்கின்றன என்று நம்பினர். 'கோபோல்ட்' என்பது ஒரு குறளிப் பேயின் பெயர். 'நிக்கல்' என்பது இன்னொரு குறும்புப் பேயின் பெயர். வெள்ளி கிடைக்குமென்று ஒரு தாதுவை உலையிலிட்டால் வெள்ளியும் வராது, செம்பும் வராது. மாறாக, மூச்சடைக்கும் நச்சுப்புகை கிளம்பும். "கோபோல்ட் பேய் வெள்ளியைத் திருடிக்கொண்டு நஞ்சை ஊதுகிறது" என்றனர்.

பேய் எங்கே போயிற்று, தெரியுமா? 1730-களில் சுவீடன் நாட்டு வேதியியலார் பிராண்ட் அந்தத் தாதுவிலிருந்து புதியதோர் உலோகத்தைப் பிரித்துக் காட்டினார்; அதுவே கோபால்ட். 1751-ல் கிரான்ஸ்டெட் மற்றொன்றைப் பிரித்தார், அதுவே நிக்கல். நச்சுப்புகையோ, அத்தாதுக்களோடு கலந்திருந்த ஆர்சனிக் என்னும் பாடாணம்! இரண்டு பேய்களும் இன்று வேதியியல் அட்டவணையில் 27-ஆம் எண்ணாகவும் 28-ஆம் எண்ணாகவும் அடங்கி ஒடுங்கி உட்கார்ந்திருக்கின்றன. மந்திரம் ஓட்டாத பேயை ஆய்வுக்கூடம் ஓட்டிற்று.

ஆனால் அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, யோக்கிம்ஸ்தாலில் ஒரு மருத்துவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அவர் பெயர் அக்ரிகோலா. 1527-ல் அங்கு மருத்துவராகச் சேர்ந்தவர், சுரங்கத்தொழில் பற்றிப் பெருநூல் ஒன்றை இலத்தீனில் எழுதினார். அவர் 1555-ல் மறைந்தார். நூல் 1556-ல் வெளிவந்தது. வறண்ட சுரங்கத்தில் கிளம்பும் தூசு மூச்சுக்குழலிலும் நுரையீரலிலும் புகுந்து அவற்றை அரிக்கிறது என்று அதில் எழுதினார். கார்ப்பேதிய மலைச் சுரங்கங்களிலே, ஏழு கணவரை மணந்து எழுவரையும் இந்நோய்க்கே பறிகொடுத்த பெண்கள் இருக்கின்றனர் என்றும் குறித்து வைத்தார்.

ஏழு கணவர்! தோழர்களே, ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டிலே ஒரு கணவனை இழந்தவளையே 'ராசி கெட்டவள்' என்று மூலையில் உட்கார வைத்தது பழமை. பூவைப் பறித்தது, பொட்டை அழித்தது, எதிரே வந்தால் சகுனத்தடை என்றது. அந்த மலைநாட்டுப் பெண் மறுமணம் செய்துகொள்ள முடிந்தது. ஏழு முறை மாலை சூட முடிந்தது. ஏழு முறையும் கணவனைக் காக்க மட்டும் முடியவில்லை. எழுவரையும் தின்றது அவள் ராசியா, அல்லது காற்றோட்டமற்ற குழியா? சாவுக்குக் காரணம் தேடாத சமுதாயம், பெண்ணின் நெற்றியிலே பழியைத் தேடும். காரணம் தேடிய மருத்துவனோ குழிக்குள்ளே இறங்கிப் பார்த்தான்.

அக்ரிகோலாவும் தம் காலத்தை முற்றும் கடந்துவிடவில்லை. அதே நூலில் சுரங்கப் பேய்களையும் பேசுகிறார். வழிபாட்டாலும் நோன்பாலும் அவற்றை விரட்டலாம் என்கிறார். ஆனால் தூசுக்கு அவர் சொன்ன பரிகாரம் வழிபாடு அன்று! முகத்தை மறைக்கத் துணி, குழிக்குள் காற்றைச் செலுத்தத் துருத்தி, விசிறி, காற்றுப்பொறி. அவற்றைப் படங்களோடும் காட்டினார். ஒரே ஏட்டில் பழமையும் புதுமையும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன. பேய்க்குத் தந்த பக்கத்தைக் காலம் கிழித்தெறிந்தது. துருத்திக்குத் தந்த பக்கமோ இன்றும் ஒவ்வொரு சுரங்கத்திலும் சுழல்கிறது.

அவர் காலத்தவரே பாராசெல்சஸ். ஊர்ஊராய் அலைந்த மருத்துவர்; இரசவாதமும் சோதிடமும் அவர் எழுத்திலே கலந்து கிடக்கும். ஆயினும், சுரங்கத் தொழிலாளர் நோய் பற்றித் தனி நூலே எழுதி, அது மலைத்தெய்வம் தந்த தண்டனையன்று, உலோக ஆவியை உள்ளிழுப்பதால் வருவது என்று சொன்னவர் அவர். ஒரு தொழிலின் நோய்க்கென்றே எழுந்த முதல் மருத்துவ நூல் அதுதான் என்பர். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 1567-ல் அது அச்சேறியது. 1700-ல் இத்தாலியின் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் மருத்துவர்க்கு ஒரு பாடம் சொன்னார். நோயாளியிடம் நாடியும் நாக்கும் பார்த்தால் போதாது, 'உன் தொழில் என்ன?' என்றும் கேள் என்றார். எளிய கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு புரட்சியே ஒளிந்திருந்தது. நோயின் காரணத்தை வானத்திலிருந்து இறக்கி, பட்டறை வாசலில் நிறுத்திய கேள்வி அது!

மீண்டும் ஷ்னீபெர்க்குக்கு வருவோம். ஆண்டு 1879. ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் சுரங்கத் தொழிலாளரின் சடலங்களை அறுத்துப் பார்த்தனர். அங்கே செத்தவருள் ஏறத்தாழ நான்கில் மூவரைக் கொன்றது நுரையீரற் புற்றுநோய் என்று அறிவித்தனர். அக்காலத்தில் அது உலகெங்கும் அரிதினும் அரிய நோய். பல மருத்துவர் வாழ்நாள் முழுவதும் அதை ஒருமுறைகூடக் கண்டதில்லை. சிகரெட்டைச் சுருட்டும் பொறிக்கே பான்சாக் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்றது 1881-ல்தான். எனவே, சிகரெட் பெருவழக்காகுமுன்பே ஒரு மலையூர்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இந்நோய்க்கு இரையாகி வந்தனர். இந்த ஆண்டுக் கணக்கை நெஞ்சிலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

கொன்றது எது? ஆர்சனிக் என்றனர் சிலர். கல்தூசு என்றனர் சிலர். விடையின் முதல் இழை பாரிசில் கிடைத்தது. 1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும், இத்தாதுமலையில் கிடைக்கும் பிட்ச்பிளெண்டு என்ற கருந்தாதுவை ஆய்ந்து, கதிர்வீசும் புதிய தனிமங்கள் இரண்டைக் கண்டனர். முதலாவதுக்குப் 'பொலோனியம்' என்று பெயரிட்டார் மேரி. அவர் தாய்நாடு போலந்து. அன்று மூன்று வல்லரசுகள் கூறுபோட்டு விழுங்கியதால் உலகப்படத்திலே அந்நாடு இல்லை. படத்தில் இல்லாத நாட்டுக்குத் தனிம அட்டவணையில் இடம் தேடித் தந்தார் அந்த வீரமகள். இரண்டாவது ரேடியம்.

அந்தத் தாதுவிலுள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகும்; ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் வாயுவாகும்; நிறமில்லை, மணமில்லை. பாறை வெடிப்பு வழியே கசிந்து சுரங்கக் காற்றில் கலக்கும். வாயுவாயிருப்பது சில நாள்களே. பின் அது சிதைந்து மீண்டும் உலோகமாகும்: பொலோனியம், ஈயம், பிஸ்மத். தூசின் முதுகிலேறி இவை நுரையீரலுக்குள் நுழைகின்றன. மூச்சுக்குழலின் கிளைகளிலே படிந்து, நெருங்கிய உயிரணுக்களைத் தம் கதிரால் துளைக்கின்றன. 1950-களின் தொடக்கத்தில், கேடு செய்வதில் ரேடானைவிட அதன் உலோகச் சந்ததிக்கே பங்கு பெரிது என்பது தெளிவாயிற்று. மலைப்பேயின் மெய்ப்பெயர் அப்போதுதான் வெளிப்பட்டது.

அறிந்தவுடன் அகிலம் விழித்துக்கொண்டதா? 1925-ல் ஜெர்மனி, 'ஷ்னீபெர்க் நுரையீரல் நோய்' என்ற பெயரையே தொழில்நோய்ப் பட்டியலில் ஏற்றி, இழப்பீட்டுக்கு உரியதாக்கியது. நல்லது. ஆனால் 1946-ல் போர் முடிந்த புழுதியிலே, அதே மலையில், சோவியத் அணுகுண்டுக்காக யுரேனியம் தோண்டும் மாபெரும் நிறுவனம் எழுந்தது. தோண்டியது யுரேனியம், சூட்டிய பெயர் 'விஸ்முட்', அதாவது பிஸ்மத்! பெயரிலேயே மறைப்பு. முதல் ஆண்டுகளில் நீர் தெளிக்காத உலர்துளைப்பு, போதிய காற்றோட்டமில்லை. 1990 வரையிலே ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அங்கு உழைத்தனர். ஆயிரக்கணக்கானோர் நுரையீரற் புற்றுநோய்க்கு இரையாயினர். ஆட்சி, தொழிலாளர் பெயரால் நடந்த ஆட்சி. 1879-லே எழுதி வைத்த எச்சரிக்கை அதே ஊரில் இருந்தது. முதலாளி கொடி பறந்தாலும் செங்கொடி பறந்தாலும், துளைப்பானின் முனையிலே நீர் இல்லையேல் நெஞ்சிலே தூசுதான். கொடியைக் கேட்டு ஏமாறாதே, காற்றைக் கேள் என்பதே அந்த மலை நமக்குத் தரும் பாடம்.

இனி மலையை விட்டு இறங்குவோம். சுரங்கத்தையே காணாதவன் நுரையீரலிலும் அதே பொலோனியம் இருக்கிறது. எப்படி? எவரும் அவனைக் குழிக்குள் தள்ளவில்லை. அவனே பணம் கொடுத்து வாங்கி, நெருப்பு வைத்து, உள்ளே இழுக்கிறான். ஆம், சிகரெட்! 1964-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராட்ஃபோர்டு, வில்மா ஹன்ட் இருவரும், புகையிலையில் பொலோனியம் 210 இருப்பதையும், எரியும் சிகரெட்டின் வெப்பத்தில் அது ஆவியாகிப் புகையோடு நெஞ்சுக்குள் போவதையும் வெளியிட்டனர். புகையிலைச் செடியின் இலையில் பிசுபிசுப்பான நுண்மயிர்கள் உண்டு. காற்றிலே மிதக்கும் ரேடானின் உலோகச் சந்ததியை அவை பற்றிக்கொள்கின்றன. வயலுக்கு இடும் பாஸ்பேட் உரத்தின் வழியேயும் இவ்வகைத் தனிமங்கள் செடிக்கு வந்து சேர்கின்றன.

பொலோனியம் தனியே வரவில்லை. உறவினரையும் அழைத்து வருகிறது. அவற்றுள் தலையாயது காட்மியம். மண்ணிலுள்ள காட்மியத்தை உறிஞ்சி இலையிலே சேர்த்து வைப்பதில் புகையிலை பேராசை பிடித்த செடி. ஒரு சிகரெட்டில் ஏறத்தாழ 1 முதல் 2 மைக்ரோகிராம் வரை இருக்கும். அதில் பத்திலொரு பங்கு போலப் புகையோடு உள்ளே போகும். அற்பமென்று எண்ணாதீர்! உணவோடு வயிற்றுக்குள் போகும் காட்மியத்தில் சிறுபகுதியே உடலில் ஏறும். நுரையீரல் வழியே போவதிலோ பாதி வரை ஏறிவிடும். சிறுநீரகத்தில் பத்தாண்டு, இருபதாண்டு என்று தங்கிவிடும். புகைப்பவர் உடலில் காட்மியச் சுமை புகைக்காதவரைப்போல் இரு மடங்குக்கும் மேல். குரோமியம், நிக்கல், ஆர்சனிக், ஈயம் ஆகியவையும் சிறிய அளவில் அந்தப் புகையிலே உண்டு. பின்லாந்து ஆராய்ச்சியாளர் 1989-ல் வெளியிட்ட ஆய்விலே, நுரையீரல் திசுவிலுள்ள காட்மியமும் குரோமியமும் புகைப்பழக்கத்துக்கே அடையாளமாக நிற்கக் கண்டனர்.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுவோம். மிகைப்படுத்துவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. புகையின் நச்சு முழுவதும் உலோகமே என்று நாம் சொல்லவில்லை. புற்றை விளைக்கும் கரிமச் சேர்மங்கள் பல அதிலுண்டு. அவற்றின் பங்கு மிகப் பெரிது. உலோகம் அக்கூட்டத்திலே ஓர் உறுப்பினர். ஆனால் எளிதில் வெளியேறாத உறுப்பினர்! மேலும், மூச்சுக்குழலின் உட்சுவரிலே நுண்மயிர்கள் உள்ளன. உள்ளே வரும் தூசைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. இயற்கை நமக்குத் தந்த துப்புரவுத் தொழிலாளர் அவர்கள். புகை அவர்களை முடக்குகிறது. துடைப்பம் ஓய்ந்த வீட்டிலே குப்பை சேராமல் என்ன செய்யும்? ஆலைத் தூசும் சிகரெட் புகையும் ஒரே நெஞ்சில் சந்திப்பதன் கொடுமை இதுதான். யுரேனியச் சுரங்கத் தொழிலாளரை ஆய்ந்தபோது, இரண்டுக்கும் ஆளானவர்க்கு வரும் ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிட மிகுதி என்று கண்டனர்.

இந்த இரண்டு வழிகளையும் ஒருவரே ஆய்ந்தார் என்பது வரலாற்றின் சுவையான செய்தி. பிரிட்டனின் ரிச்சர்ட் டால் என்னும் மருத்துவர், பிராட்ஃபோர்டு ஹில்லோடு சேர்ந்து, 1950-ல் சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். ஆய்வின் நடுவிலேயே தம் புகைப்பழக்கத்தையும் விட்டொழித்தார். முடிவு தெரிந்தபின் தன்னை மாற்றிக்கொள்பவனே அறிஞன்! அதே டால், 1958-ல் வேல்சு நாட்டுக் கிளைடாக் ஊரின் நிக்கல் ஆலைத் தொழிலாளரை ஆய்ந்தார். 1902 முதல் நடந்துவந்த ஆலை அது. தொழிலாளர் சிலர்க்கு மூக்கினுள்ளே புற்று வருவதை ஆலை ஆய்வாளர் அறிக்கை 1930-களின் தொடக்கத்திலேயே குறித்திருந்தது. நுரையீரலிலும் மூக்கிலும் புற்று வந்து சாவோர் தொகை, மற்றத் தொழிலாளரைவிட அங்குப் பன்மடங்கு என்று டால் காட்டினார்.

ஆனால் அவர் கண்ட இன்னொரு செய்தியே நமக்கு உயிரானது. 1920-களில் அந்த ஆலையின் செய்முறையை மாற்றினர், தூசைக் குறைத்தனர், ஆர்சனிக் கலந்த அமிலத்தைக் கைவிட்டனர், முகமூடி தந்தனர். அதன்பின் வேலைக்குச் சேர்ந்தோருக்கு இந்த ஆபத்து பெரிதும் குறைந்துவிட்டது! ஊர் அதே ஊர். ஆலை அதே ஆலை. உலோகமும் அதே உலோகம். மாறியது தூசின் அளவு. மாறிற்று சாவின் கணக்கு. விதி என்று ஒன்று இருந்தால், அது துருத்திக்கும் துணிக்கும் அஞ்சி ஓடுமா? விசிறி வைத்தால் விலகிப் போகும் விதி, என்ன விதி?

இந்த இடத்திலேதான் புதிய புரோகிதன் நுழைகிறான். பழைய புரோகிதன், "முன்வினை" என்றான். புதியவன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறான். "நீ சிகரெட் பிடிப்பாயல்லவா? அதுதான் காரணம். ஆலையின்மீது பழியில்லை" என்கிறான். முன்வினைக்குப் பதில் தன்வினை! சொல் மாறியது; சூழ்ச்சி மாறவில்லை.

இந்த வாதம் எங்கே உடைந்தது தெரியுமா? அமெரிக்காவின் தென்மேற்கிலே, நாவஹோ என்னும் பழங்குடி மக்களின் மண்ணிலே. 1944 முதல் 1986 வரை அங்கே யுரேனியம் தோண்டினர். மண் அவர்களுடையது, கூலி அவர்களுக்குச் சொற்பம், ஆபத்து மட்டும் முழுமையாக அவர்களுக்கே. 1950-ல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை அப்பகுதிச் சுரங்கத் தொழிலாளரை ஆராயத் தொடங்கியது. சுரங்கக் காற்றில் என்ன ஆபத்து என்பதைத் தொழிலாளரிடம் சொல்லவில்லை. தாதுமலை முக்கால் நூற்றாண்டுக்கு முன் கற்ற பாடம் அவர்களுக்கு மறைக்கப்பட்டது. நாவஹோ ஆடவருள் புகைப்போர் குறைவு. புகைத்தவரும் பெரும்பாலும் சிறிதளவே புகைத்தனர். 1984-ல் வந்த ஆய்வு, நுரையீரற் புற்றுநோய் கண்ட நாவஹோ ஆடவர் 32 பேரை எடுத்துக்கொண்டது. அவருள் 23 பேர் யுரேனியச் சுரங்கத்தில் உழைத்தவர். ஒப்பீட்டுக்கு எடுத்த மற்ற நோயாளருள் ஒருவர்கூட அச்சுரங்கத்தில் உழைத்தவரல்லர். எங்கே போய் ஒளியும் இப்போது, "சிகரெட்தான் காரணம்" என்ற வாதம்?

1990-ல் அமெரிக்கா இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. தகுதி பெற்ற தொழிலாளிக்கு 1 இலட்சம் டாலர். யோக்கிம்ஸ்தால் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய அதே காசு! அப்போதும் ஒரு முள்வேலி. புகைத்தவராயின், புகைக்காதவரைவிட மிகுதியான கதிர்வீச்சுக்கு ஆளானதாக மெய்ப்பிக்க வேண்டும் என்றது சட்டம். இருமிக்கொண்டே வழக்காட வேண்டும்! 2000-த்தில்தான் திருத்தம் வந்து அந்த வேறுபாட்டை நீக்கியது.

சிகரெட் முதலாளிகளாவது நேர்மையாக நடந்தனரா? புகையிலையில் பொலோனியம் இருப்பதை அறிந்து, தம் ஆய்வுக்கூடங்களில் ஆராய்ந்து, முடிவை வெளியிடாமல் பெட்டிக்குள் பூட்டினர். அமெரிக்க மாநிலங்கள் தொடுத்த வழக்குகளாலும் 1998 உடன்பாட்டாலும் பெட்டிகள் திறந்த பிறகே உலகம் அந்தத் தாள்களைக் கண்டது. ஆலை முதலாளி, "சிகரெட்டைக் கேள்" என்றான். சிகரெட் முதலாளி, "காற்றைக் கேள், ஆலையைக் கேள், என்னைக் கேளாதே" என்றான். ஒருவன் மற்றொருவனைச் சுட்டிக்காட்டி இருவரும் தப்பினர். இடையிலே செத்தவன் தொழிலாளி.

எனவே, நாம் சொல்வது இரண்டு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அரைப் பகுத்தறிவு.

தொழிற்சங்கத்தில் பணியாற்றும் தோழர்களுக்கு முதலாவது. நோயுற்ற தொழிலாளியை, "நீ புகைப்பவன்" என்று எவரும் வாயடைக்க விடாதீர். ராமஸ்ஸினியின் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: தொழில் என்ன? தூசு என்ன? எத்தனை ஆண்டு? காற்றை அளந்தது யார், அளந்த கணக்கு எங்கே? ஆறு இணைதிறன் கொண்ட குரோமியச் சேர்மங்களையும் நிக்கல் சேர்மங்களையும் 1990-லும், காட்மியத்தையும் பெரிலியத்தையும் 1993-லும், பற்றவைப்புப் புகையை 2017-லும், மனிதருக்குப் புற்று விளைப்பவை என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் முதல் வகுப்பிலே வைத்தது. எனவே, முகமூடி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது காப்பாகாது. தூசு கிளம்பும் இடத்திலேயே அடக்கு, நீர் தெளி, புகையை உறிஞ்சி வெளியேற்று, அதற்குப் பின்னரே முகமூடி. அக்ரிகோலா துருத்தியைக் காட்டி நானூற்று ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்னுமா காற்றுக்காகக் கெஞ்ச வேண்டும்?

இரண்டாவது, இளைஞர்களே, உங்கள் விரலிடுக்கைப் பார்த்துச் சொல்வது. கோயிலில் விபூதி வாங்க மறுத்த கை, கடையிலே சாம்பலை விலைக்கு வாங்கலாமா? மூடநம்பிக்கையை ஊதித் தள்ளும் வாய், காட்மியத்தை உள்ளிழுக்கலாமா? பேச்சு மேடையின் பின்புறத்திலே புகைவளையம் விட்டுக்கொண்டு பகுத்தறிவு பேசுவது பொருந்துமா? உங்கள் சிகரெட், உங்கள் நெஞ்சை அரிப்பதோடு நிற்கவில்லை. நாளை உங்களுக்காக வாதாடப் போகும் தோழரின் கையிலுள்ள படைக்கலத்தையும் பறித்து, முதலாளியிடம் கொடுத்துவிடுகிறது. அவன் தேடும் சாட்டுக்கு நீங்களே தீப்பெட்டி நீட்டுவதா?

விட்டால் பயனுண்டா என்று கேட்பவருக்கு விடை ஆயத்தமாய் இருக்கிறது. டால் 1951 முதல் ஐம்பதாண்டுக் காலம் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2004-ல் கணக்குத் தந்தார். அறுபதிலே விட்டவர் மூன்று ஆண்டும், ஐம்பதிலே விட்டவர் ஆறு ஆண்டும், நாற்பதிலே விட்டவர் ஒன்பது ஆண்டும், முப்பதிலே விட்டவர் பத்தாண்டும் ஆயுளில் மீட்டுக்கொண்டனர். புகையை நிறுத்தியவர் நுரையீரலில் காட்மியமும் ஆண்டு செல்லச் செல்லக் குறைகிறது. குரோமியம் அத்தனை எளிதில் போவதில்லை. சில எழுத்துக்கள் அழியும். சில எழுத்துக்கள் அழியா. அழியாத எழுத்து இன்னும் ஏறாதிருக்கும் இளைஞர்க்கே இன்றைய நாள் மிகவும் விலைமதிப்புள்ளது.

ஏழு கணவரை இழந்த அந்தப் பெண்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் காலத்தில் காரணம் தெரியாது. ஆறுதலுக்குப் பேயும் விதியும் இருந்தன. நமக்குக் காரணம் தெரியும். தடுக்கும் வழியும் தெரியும். தெரிந்த பின்னும் ஒரு தொழிலாளி தூசில் மூச்சடைத்துச் செத்தால், அதை விதி என்று எழுதாதீர். கொலை என்று எழுதுங்கள். யார் செய்தது என்றும் கேளுங்கள்.